போதையும் ஞாபகசக்தியும்

(நமது பள்ளியின் பரிசளிப்பு விழாவில், ஓய்வுபெற்ற தோட்ட மருத்துவ உதவியாளர் ஒருவர் ஆற்றிய உரை)



தலைமையாசிரியர் என்னை அழைத்தபோது, "ஐயா, ஞாபகசக்தி பற்றிப் பேசுங்கள். பிள்ளைகளுக்குப் படித்ததெல்லாம் மறந்துபோகிறது என்று பெற்றோர் சொல்கிறார்கள்" என்றார். நான் வாத்தியார் அல்ல. கெடாவிலும் பேராவிலும் முப்பது ஆண்டுக்கு மேல் தோட்டத்து ஆஸ்பத்திரிகளில் டிரசராக இருந்தவன். காய்ச்சலுக்கு மருந்து, பாம்புக்கடிக்கு முதலுதவி, சம்பள நாள் ராத்திரியில் மண்டை உடைந்து வருகிறவர்களுக்குத் தையல், இதுதான் என் படிப்பு. ஆகவே ஞாபகசக்தி என்கிற வீட்டுக்குள் எனக்குப் பழக்கமான வாசல் வழியாகத்தான் நுழைய முடியும். அந்த வாசலின் பெயர் போதை.

முகம் சுளிக்க வேண்டாம். குடிக்காதீர்கள் என்று பிரசங்கம் பண்ண நான் வரவில்லை. அதைச் சொல்ல நிறையப் பேர் இருக்கிறார்கள். 1940களில் கெடாவில் தொண்டர் படையினர் கள்ளுக்கடைகளை எதிர்த்துப் போராடியே அதைச் சொன்னார்கள். இன்று பழைய தோட்டத்துக் கள்ளுக்கடைகள் அனேகமாக மறைந்துவிட்டன. ஆனால் சம்சு போத்தல் மறையவில்லை. நான் கேட்க வந்த கேள்வி வேறு. போதை ஏறிய உடம்பில் இருக்கும்போது ஒரு மனிதன் கற்றதும், கேட்டதும், சொன்னதும் எங்கே போகிறது? அது திரும்ப வருமா? வந்தால் எப்போது வரும்?

1980களில் நான் வேலை பார்த்த ஒரு தோட்டத்தில் நடந்ததைச் சொல்கிறேன். பெயர் வேண்டாம். அவர் நல்ல வேலைக்காரர், பால்மரம் வெட்டுகிறவர். அவருடைய மகன் ஆறாம் வகுப்பு முடித்து டவுன் பள்ளியில் புகுமுக வகுப்பில் சேர வேண்டும். சேருவதற்குப் பிறப்புப் பத்திரம் வேண்டும். சூரா பெரானா என்று சொன்னால்தான் பெரியவர்களுக்குப் புரியும். அது வீட்டில் தகரப் பெட்டிக்குள் இருந்தது. பதிவுக்கு ரெண்டு நாள் இருக்கும்போது பெட்டியைத் திறந்தால் காணோம்.

"ஏங்க, அந்தச் சூராவை எடுத்தீங்களா?"

"நான் ஏன் எடுக்கறேன்? தொடவே இல்ல."

வீடே இரண்டுபட்டுப் போயிற்று. அந்தம்மா அவர் அதை எங்கேயோ அடகு வைத்துக் குடித்துவிட்டார் என்றே முடிவு கட்டிவிட்டார். அவர் மாரியம்மன் கோயில் வாசலில் கற்பூரம் ஏற்றிச் சத்தியம் பண்ணினார். பதிவு நாள் போய்விட்டது. ஆபீஸ் கிராணியும் பள்ளி ஆசிரியர் ஒருவரும் அலைந்து, பதிவு இலாகாவில் நகல் எடுத்து, பையனை மூன்று வாரம் கழித்துச் சேர்த்தார்கள். அதற்குள் மற்ற பிள்ளைகள் மலாயில் பாதிப் புத்தகம் போய்விட்டார்கள். இவன் கடைசி வரிசை.

அடுத்த சம்பளம் போட்ட ராத்திரி அவர் வழக்கம்போலக் குடித்துவிட்டு வந்தார். சோற்றில் கை வைத்தவர் பாதியில் எழுந்தார். நேரே பின்பக்கம் ஆட்டுக்கொட்டகைக்குப் போனார். கூரைச் சட்டத்துக்கு மேலே கையை விட்டு ஒரு பழைய பால்மாவு டின்னை எடுத்தார். உள்ளே பிளாஸ்டிக்கில் சுற்றி, நூல் கட்டி, பத்திரமாகச் சூரா! "புள்ளையோட எதிர்காலம்டி இது, கரையான் அரிக்கக் கூடாதுன்னு நாந்தான் வச்சேன்" என்றாராம். காலையில் கேட்டால், எடுத்ததும் நினைவில்லை, வைத்ததும் நினைவில்லை.

தோட்டமே நடிப்பு என்று சிரித்தது. அவர் என்னிடம் வந்து, "டிரசர் ஐயா, நான் பொய்யனும் இல்ல, திருடனும் இல்ல. எனக்கு நெசமாவே தெரியல" என்றார். அவர் சொன்னது உண்மையாகவே இருக்க முடியும் என்பதற்கு ஆதாரம் உலகத்துப் புத்தகங்களில் இருக்கிறது. அதைத்தான் இப்போது சொல்லப் போகிறேன்.

ஸ்காட்லாந்துக்காரர் ஜார்ஜ் கூம் என்பவர் 1835இல் ஒரு கதையை எழுதி வைத்தார். அவர் மண்டையோட்டின் மேடுபள்ளத்தைத் தடவிக் குணம் சொல்லும் கூட்டத்தைச் சேர்ந்தவர். அந்தச் சாத்திரம் பொய் என்று எப்போதோ தள்ளப்பட்டுவிட்டது. ஆனால் அவர் எழுதிய இந்தக் கதை நிலைத்துவிட்டது. ஒரு கிடங்கில் அயர்லாந்து நாட்டுச் சுமைகூலி ஒருவன். போதையில் இருந்த ஒருநாள் விலையுள்ள ஒரு பொட்டலத்தை எங்கேயோ விட்டுவிட்டான். தெளிந்தபிறகு எவ்வளவு யோசித்தும் வரவில்லை. மறுபடி குடித்தபோது, இன்ன வீட்டில் விட்டேன் என்று தானாக நினைவு வந்தது. போய்ப் பார்த்தால், பொட்டலத்தில் விலாசம் இல்லாததால் அது அந்த வீட்டிலேயே பத்திரமாக இருந்தது. நம் ஆட்டுக்கொட்டகைக்கும் அந்தக் கிடங்குக்கும் ஏறக்குறைய நூற்றைம்பது ஆண்டு தூரம். நடந்தது ஒன்றே.

ஆங்கில எழுத்தாளர் வில்கி காலின்ஸ் 1868இல் எழுதிய "மூன்ஸ்டோன்" என்ற துப்பறியும் நாவலின் முடிச்சே இதுதான். இந்தியக் கோயில் வைரம் ஒன்று காணாமல் போகிறது. எடுத்தவருக்கே தாம் எடுத்தது தெரியாது. யாரோ அவருக்குத் தெரியாமல் அபின் கொடுத்திருந்தார்கள். மறுபடி அதே வீட்டில் அபின் கொடுத்துப் பார்த்தால், அதே மாதிரி எழுந்துபோய் எடுக்கிறார். பெரியவர்களில் சிலர் சார்லி சாப்ளினின் "சிட்டி லைட்ஸ்" பார்த்திருப்பீர்கள், 1931இல் வந்த படம். ஒரு பணக்காரன் போதையில் இருக்கும்போது சாப்ளினைக் கட்டிப்பிடித்து "நண்பா" என்கிறான். தெளிந்ததும் யார் இவன் என்று துரத்துகிறான். மறுபடி குடித்தால் மறுபடி நண்பன். நாம் வயிறு வலிக்கச் சிரித்தோம். அதற்குள் ஒரு விஞ்ஞானம் இருப்பது அப்போது யாருக்குத் தெரியும்?

கதையும் சினிமாவும் சாட்சி ஆகாது என்பீர்கள். சரி, ஆய்வுக்கூடத்துக்குப் போவோம்.

1937இல் அமெரிக்காவில் கிர்டன், கல்லர் என்ற இருவர் நாய்களுக்குக் குராரே என்ற மருந்தைக் கொடுத்தார்கள். தென்னமெரிக்கக் காட்டு மக்கள் அம்பு முனையில் தடவும் நஞ்சு அது. மருந்து வேலை செய்யும்போது, ஓர் ஓசை கேட்டால் தசை சுண்டும்படி நாயைப் பழக்கினார்கள். மருந்து இறங்கியது, பழக்கம் மறைந்தது. மறுபடி மருந்து கொடுத்தார்கள். பழக்கம் திரும்ப வந்தது. 1964இல் டொனால்ட் ஓவர்டன் என்பவர் எலிகளை எடுத்துக்கொண்டார். மயக்கமூட்டும் மருந்து கொடுத்த எலிக்கு, இரண்டாகப் பிரியும் பாதையில் எந்தப் பக்கம் திரும்பினால் தப்பிக்கலாம் என்று கற்றுக் கொடுத்தார். மருந்து இல்லாதபோது அந்த எலிக்கு அந்தப் பாடம் வரவில்லை. மருந்து கொடுத்தால் வந்தது. மருந்தோடு இருந்தால் இடப்பக்கம், இல்லாவிட்டால் வலப்பக்கம் என்று ஒரே எலிக்கு இரண்டு பாடமும் கற்பிக்க முடிந்தது. ஒரே எலி, இரண்டு வகுப்பறை!

மனிதனுக்கு? 1969இல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில், வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் டொனால்ட் குட்வின் என்ற மருத்துவரும் அவரோடு சேர்ந்தவர்களும் 48 மருத்துவ மாணவர்களை வைத்துச் சோதித்தார்கள். மருத்துவ மாணவர்கள்! மனப்பாடம் செய்வதையே தொழிலாகக் கொண்டவர்கள். முதல்நாள் சிலர் குடித்துவிட்டுக் கற்றார்கள், சிலர் தெளிவாக இருந்து கற்றார்கள். 24 மணி நேரம் கழித்துச் சோதனை. அன்றைக்கும் சிலர் குடித்தார்கள், சிலர் குடிக்கவில்லை. ஆக நான்கு கூட்டம்.

போதையில் கற்றவர்களில், மறுநாளும் போதையில் இருந்தவர்களே தெளிவாக வந்தவர்களைவிட அதிகம் நினைவுகூர்ந்தார்கள். இதைக் கேட்டதும் பின்வரிசையில் ஒரு தம்பி சிரிக்கிறான். "அப்படின்னா குடிச்சிட்டுப் படிச்சி, குடிச்சிட்டே பரீட்சை எழுதினா ஆச்சு!" அவசரப்படாதே தம்பி. கற்கும்போதும் தெளிவு, சொல்லும்போதும் தெளிவு என்று இருப்பவனை யாரும் முந்தமாட்டார்கள். போதை முதலில் உள்ளே போகும் சரக்கையே குறைத்துவிடுகிறது. குறைந்து போன சரக்கிலும் ஒரு பங்கு, போதை இறங்கியதும் கைக்கு எட்டாமல் போகிறது. அதுதான் அந்த ஆய்வின் செய்தி.

ஆய்வாளர்கள் இதற்கு நிலை சார்ந்த நினைவு என்று பெயர் வைத்தார்கள். ஏன் இப்படி ஆகிறது? நமக்குத் தெரிந்ததை வைத்தே பார்க்கலாம். அடுப்படியிலிருந்து எதையோ எடுக்க முன்வாசலுக்கு வருவோம். வந்ததும் என்ன எடுக்க வந்தோம் என்பது மறந்துவிடும். திரும்ப அடுப்படிக்குப் போய் நின்றால் சட்டென்று வரும். அடுப்பின் சூடு, தாளித்த வாசனை, சட்டி இருக்கும் இடம் எல்லாம் நினைவோடு சேர்த்து முடிந்து வைக்கப்பட்டிருக்கின்றன. அவற்றில் ஒன்றைத் தொட்டால் மற்றது இழுபட்டு வருகிறது. உடம்பின் உள்நிலையும் அப்படித்தான். தலை கனம், நெஞ்சுத் துடிப்பு, கைகால் மிதப்பு, மனத்தின் குதூகலம், இவையும் ஒரு வீடுதான். போதையில் நடந்தது அந்த வீட்டில் வைக்கப்படுகிறது. காலையில் நாம் வேறு வீட்டில் கண் விழிக்கிறோம்.

வெளியிடத்தை வைத்தும் இதைச் சோதித்தார்கள். 1975இல் கோடன், பேட்லி என்ற இருவர், ஸ்காட்லாந்தில் ஓபன் என்ற ஊர்ப்பக்கம், மூச்சுக் குழாயோடு கடலில் முக்குளிப்பவர்களுக்கு 36 சொற்களைக் கரையிலும் தண்ணீருக்கடியிலும் கேட்கவைத்தார்கள். கற்ற இடத்திலேயே சொன்னபோது கரையில் பதின்மூன்று, நீரில் பதினொன்று என்று வந்தது. இடம் மாறினால் எட்டை ஒட்டி. ரொம்பப் பேர் பெற்ற ஆய்வு. ஆனால் 2021இல் நெதர்லாந்தில் இதை மறுபடி செய்து பார்த்தபோது அதே பலன் கிடைக்கவில்லை என்பதையும் சொல்லிவிடவேண்டும். விஞ்ஞானம் சாமியாடி வாக்கு அல்ல. திரும்பத் திரும்பச் சோதிக்கப்படுவது.

போதை விஷயத்திலும் எல்லை உண்டு. எரிக் ஐக் என்பவர் 1980இல் இப்படிப்பட்ட பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார். "நேற்று கற்றதைச் சொல்லு" என்று சும்மா கேட்டால்தான் நிலை மாறியவர் தடுமாறுகிறார். ஒரு சாடை கொடுத்துவிட்டால் அனேகமாக அந்த வித்தியாசம் மறைந்துவிடுகிறது. கஞ்சா புகைத்தவர்களை வைத்து 1975இல் செய்த ஆய்விலும் இதே கதை. சொற்களைத் தாமாகச் சொல்லச் சொன்னால் திணறினார்கள். "அதில் பூக்களின் பெயர் என்ன, வாகனத்தின் பெயர் என்ன" என்கிற மாதிரி வகையைச் சொல்லிக் கேட்டால் வந்தது. இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

இன்னொரு விஷயம். போதையில் வைத்தது தெளிவில் கிடைக்காமல் போவது அதிகம். தெளிவில் வைத்தது போதையில் கிடைக்காமல் போவது அவ்வளவு அதிகம் இல்லை. குடித்துவிட்டு வந்தவர் பத்து வருஷத்துப் பழைய சண்டையை ஆதியோடந்தமாகச் சொல்வதைக் கேட்டிருக்கிறோம். மைத்துனன் கல்யாணத்தில் யார் யார் என்ன பேசினார்கள் என்பதெல்லாம் வரும். அவர் அன்று ராத்திரி பேசியது மட்டும் மறுநாள் அவருக்கு வராது.

இதுவரை சொன்னது, எழுதி வைத்த ஏடு கைக்கு எட்டாத கதை. ஏட்டில் எழுதப்படவே இல்லை என்றால்? அதுவும் உண்டு, அதுதான் மோசமானது. மூளையின் இரு பக்கத்திலும் உள்ளே கடற்குதிரை மாதிரி வளைந்த ஒரு பகுதி இருக்கிறது. அன்றன்று நடப்பதை நிரந்தரக் கணக்கில் ஏற்றும் கிராணி அதுதான். வெறும் வயிற்றில் வேகமாகக் குடித்தால் இரத்தத்தில் சாராயம் சட்டென்று ஏறும். கிராணி பேனாவைக் கீழே வைத்துவிடுவார். ஆனால் மனிதர் விழவில்லை. நடக்கிறார், சைக்கிள் ஓட்டுகிறார், பேசுகிறார், கணக்குக் கேட்கிறார். எதிரே நிற்பவருக்கு எதுவும் தெரியாது.

குட்வின் 1970இல் இதையும் சோதித்தார். பத்து ஆண்களுக்கு மணிக்கணக்கில் விஸ்கி கொடுத்து, இடையிடையே விளையாட்டுப் பொருள்களைக் காட்டினார். இரண்டு நிமிஷம் கழித்துக் கேட்டால் பெரும்பாலோர் சொன்னார்கள். அரைமணி கழித்துக் கேட்டால் பாதிப் பேருக்குக் காட்டியதே தெரியவில்லை. மறுநாளும் தெரியவில்லை. இரண்டு நிமிஷம் நினைவு இருப்பதால்தான் பேச்சு கோர்வையாக இருக்கிறது. அப்படித் தவறிய நேரத்தை, மறுபடி குடித்தும் மீட்க முடியாது. இல்லாத ஏட்டை எந்த வெளிச்சத்தில் தேடினாலும் கிடைக்குமா?

திருக்குறளில் கள்ளுண்ணாமை 93ஆம் அதிகாரம். இப்படிப்பட்ட மேடைகளில் அதிலிருந்து ஒன்றைச் சொல்லாமல் யாரும் இறங்குவதில்லை. நான் குறளைச் சொல்லவில்லை. கடைசிக் குறளில் வள்ளுவர் எழுப்பும் ஐயத்தை மட்டும் நினைவுபடுத்துகிறேன். தான் குடிக்காமல் இருக்கும் வேளையில் குடித்துக் கிடப்பவனைப் பார்க்கும் ஒருவன், தானும் குடித்தால் இப்படித்தானே சோர்ந்து கிடப்போம் என்று நினைத்துப் பார்க்கமாட்டானா என்கிறார். எனக்குத் தோன்றுவது: பல பேர் நினைக்காதது மனசாட்சி இல்லாமையால் மட்டும் அல்ல. நினைக்க அங்கே படமே இல்லை. அவன் தன்னைப் பார்த்ததில்லை. பார்த்தது மனைவியும் பிள்ளைகளும்.

இப்போது பிள்ளைகள் பக்கம் வருகிறேன். போதையில் இருக்கும் அப்பா சில நேரம் ரொம்ப அன்பாக இருப்பார். "அடுத்த வாரம் உனக்குப் புதுச் சப்பாத்து வாங்கித் தர்றேன்டா. பரிசளிப்பு விழாவுக்கு அப்பா முன்வரிசையில உட்காருவேன்." பிள்ளை அந்த வார்த்தையைத் தெளிந்த மூளையில், முழு வெளிச்சத்தில் எழுதிக்கொள்கிறது. ஏழு நாளும் விரல்விட்டு எண்ணுகிறது. அப்பாவுக்கோ அப்படி ஒரு பேச்சே நடக்கவில்லை. எட்டாம் நாள் பிள்ளை கேட்கிறது. "எப்படா சொன்னேன்? சும்மா பொய் சொல்லாதே!" பிள்ளை பொய்யன் ஆகிறான். அல்லது அப்பா பொய்யர் ஆகிறார். இரண்டு பேரில் ஒருவர் பொய்யர் என்று வீடு முடிவு கட்டுகிறது. ஆஸ்பத்திரியில் நான் தையல் போட்ட காயங்களைவிட இது ஆழமாக இறங்கியதைப் பார்த்திருக்கிறேன். சூராவுக்காக மூன்று வாரம் வீட்டில் உட்கார்ந்திருந்த அந்தப் பையன், டின் கிடைத்த பிறகும் ரொம்ப நாள் அப்பாவோடு பேசவில்லை.

வயசு வந்த பிள்ளைகளுக்குச் சொல்கிறேன். உன் அப்பா வேண்டுமென்றே உன்னை ஏமாற்றினார் என்று முடிவு கட்டுவதற்கு முன், அந்த வார்த்தை அவர் தலையில் பதியவே இல்லாமல் இருக்கலாம் என்பதைத் தெரிந்துகொள். அதனால் அவர் செய்தது சரி ஆகிவிடாது. குடிப்பது யாருடைய கை? ஆனால் நீ வேண்டாத பிள்ளை என்பதற்கு அது சாட்சி அல்ல.

தாய்மார்களுக்கு நடைமுறையில் ஒன்று. வீட்டுக் கணக்கு, பள்ளிக்கூடப் பாரம், மகளின் படிப்பு, இதையெல்லாம் அவர் குடித்துவிட்டு வந்திருக்கும்போது பேசாதீர்கள். "நல்ல மூடுல இருக்காரு, இப்ப கேட்டா சரின்னுடுவாரு" என்று நினைப்பது இயற்கை. சரி என்றும் சொல்வார். அந்தச் 'சரி'க்கு மறுநாள் காலையில் ஆள் இல்லை. சண்டையும் வேண்டாம், அன்று ராத்திரி நீங்கள் அழுதது உங்களுக்கு மட்டுமே நினைவிருக்கும், அடி விழுந்தால் அதுவும் உங்களுக்கு மட்டுமே. காலையில் வேலைக்குப் போகுமுன், பசியாறும்போது, நாலு வார்த்தையில் சொல்லுங்கள். ராத்திரி முக்கியமான பேச்சு ஏதாவது நடந்துவிட்டால் காலண்டரில் எழுதி வையுங்கள். பத்திரங்களை அவர் கைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். ஒன்றை வைத்து மறந்துவிட்டார் என்றால், "எங்க வச்சே?" என்று கத்துவதில் பயன் இல்லை. சாடை கொடுக்கலாம் என்றேன் அல்லவா? "ராத்திரி எந்தப் பக்கமா வந்தீங்க, யாரோட வந்தீங்க, கையில டார்ச் இருந்ததா, ஆடு கத்திச்சா?" என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். பதிந்திருந்தால் வரக்கூடும். வராவிட்டால் அது பதியவில்லை என்று விட்டுவிடுங்கள். தேடுவதற்காக இன்னொரு போத்தல் வாங்கிக் கொடுக்க வேண்டாம்!

மாணவர்களே, உங்களுக்கு. தேர்வு வந்தால் விடிய விடியக் கோப்பி, கடையில் விற்கும் சக்தி பானம் என்று குடித்துப் படிப்பவர்கள் இருக்கிறார்கள். கோப்பியில் உள்ள சரக்கு, குடித்து ஐந்து மணி நேரம் ஆனபிறகும் ஏறத்தாழப் பாதி உடம்பிலேயே இருக்கும். அது தூக்கத்தைக் கெடுக்கும். தூக்கம் வீண் நேரம் அல்ல. 1924இல் ஜென்கின்ஸ், டாலன்பாக் என்ற இருவர், இரண்டே மாணவர்களை வைத்து ஓர் ஆய்வு செய்தார்கள். அர்த்தமில்லாத அசைகளைக் கற்றபின் தூங்கி எழுந்தபோது, அதே நேரம் விழித்திருந்த போதைவிட அதிகம் நினைவில் நின்றது. இரண்டு பேர் போதுமா என்று நீங்கள் கேட்கலாம். பின்னால் வந்த எத்தனையோ ஆய்வுகள் அதே பக்கம்தான் நின்றன.

சளிக்குக் கொடுக்கும் மஞ்சள் மாத்திரை பல வீடுகளில் டப்பா டப்பாவாக இருக்கும். அது தூக்கத்தைக் கொண்டுவரும் மருந்து. அதைப் போட்டுக்கொண்டு பாடம் படிப்பதும், தேர்வுக் காலையில் புதிதாகப் போடுவதும் நல்லதல்ல. தூக்கம் வராத சளி மருந்தும் உண்டு, கிளினிக்கில் கேளுங்கள். அதே மூச்சில் இதையும் சொல்கிறேன், தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம். வலிப்புக்கோ, ஆஸ்துமாவுக்கோ, வேறு நோய்க்கோ டாக்டர் கொடுத்த மருந்தை, ஞாபகம் குறையும் என்று பயந்து நிறுத்திவிடாதீர்கள். வலிப்பு வருவது மருந்தைவிட ஆபத்து. சந்தேகம் இருந்தால் டாக்டரையே கேட்க வேண்டும். ஞாபகசக்தி மாத்திரை என்று சந்தையில் கூவி விற்பவனிடம் கேட்கக் கூடாது. பெரிய பையன்களே, கெத்தும் இலையைக் காய்ச்சி இருமல் மருந்து கலந்து குடிப்பது வடக்கே எவ்வளவு பரவியிருக்கிறது என்று உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். அது 1952ஆம் ஆண்டு நச்சுப்பொருள் சட்டத்துக்குள் வருகிற சமாசாரம். ஸ்டேஷனில் உட்கார்ந்து படிக்க முடியாது.

தேர்வு மண்டபத்தில் திகைத்துப் போனால் என்ன செய்வது? அதற்கும் இந்த ஆய்வுகளில் வழி இருக்கிறது. 1979இல் ஸ்டீவன் ஸ்மித் என்பவர், ஓர் அறையில் கற்றவர்களை வேறு அறையில் சோதித்தார். படித்த அறையை மனத்தில் கொண்டுவரச் சொன்னவர்கள், அதே அறையில் உட்கார்ந்தவர்களுக்கு ஏறத்தாழச் சமமாக எழுதினார்கள். ஆகவே பதில் வராவிட்டால் கண்ணை மூடி, நம் வகுப்பறையை நினை. கரும்பலகை, சன்னல், டீச்சர் குரல். காசு செலவில்லாத மருந்து. ஒரே மூலையில் உட்கார்ந்து படிக்காமல், ஒரு நாள் வீட்டிலும் ஒரு நாள் நூல்நிலையத்திலுமாகப் படிப்பதும் உதவும். ஸ்மித்தும் அவர் தோழர்களும் 1978இல் இதைக் காட்டினார்கள். எந்த இடத்தோடும் ஒட்டிக்கொள்ளாத பாடம் எல்லா இடத்துக்கும் வரும்.

கடைசியாக, குடியை விட்டவர்களைப் பற்றி. இங்கேயும் சிலர் உட்கார்ந்திருக்கிறார்கள். நான் பார்க்கவில்லை, பெயரும் சொல்லமாட்டேன். குடியை விட்டவர்களில் சிலர் ஒரு சங்கடத்தைச் சொல்வார்கள்: "ஐயா, முன்ன செய்ததெல்லாம் இப்ப வரமாட்டேங்குது." சபையில் பேச வரவில்லை, பாட வரவில்லை, நாலு பேரோடு சிரிக்க வரவில்லை. இது சோம்பல் அல்ல, பலவீனமும் அல்ல. அந்த வித்தையை அவர்கள் போதையில்தான் கற்றார்கள், போதையில்தான் செய்தார்கள். ஓவர்டனின் எலி மாதிரி, அது அந்த வகுப்பறையில் தங்கிவிட்டது. "எடுத்துக்கிட்டாதான் எனக்கு வேலை வரும்" என்று மறுபடி கடைப்பக்கம் போகிறவர்கள் பலர் இந்த இடத்தில்தான் வழுக்குகிறார்கள். மறுபடி குடித்தால் வரும் என்பது உண்மையாகவும் இருக்கலாம். அதுதான் பொறி.

எனக்குத் தெரிந்த உறுமிக்காரர் ஒருவர். பதினாறு வயதில் கள்ளு வாசனையோடு உறுமியைத் தொட்டவர். திருவிழாவில் அவர் அடித்தால் சாமி வராதவனுக்கும் சாமி வரும். ஈரல் கெட்டு, ஆஸ்பத்திரியில் படுத்து, குடியை விட்டார். வந்த ஆண்டுத் திருவிழாவில் உறுமியை மாட்டினால் கை மரம். அடி மாறுகிறது, வேகம் இல்லை. கூட வந்த இளைஞர்கள், "அண்ணே, ஒரு கிளாஸ் போட்டா சரியாயிடும்" என்றார்கள். அவர் உறுமியைக் கழற்றி வைத்துவிட்டு வீட்டுக்குப் போனார். அதற்குப் பிறகு தினமும் சாயங்காலம், செம்பனைத் தோப்பு ஓரத்தில், பேரன் வயசுப் பையன்களோடு உட்கார்ந்து, முதல் பாடத்திலிருந்து ஆரம்பித்தார். சிரித்தவர்கள் உண்டு. சில மாதம் ஆயிற்று. அடுத்த திருவிழாவில் அவர்தான் முன்னால் போனார். பழைய கை அதேபடி வந்ததா என்று கேட்டேன். "அதே கை இல்லீங்கய்யா, இது வேற. ஆனா நேத்து என்ன அடிச்சேன்னு இப்பத் தெரியுது" என்றார்.